மின்சாரம் இல்லாத சாளைக்கு (தோப்புக் குடிசைக்கு) எந்தக் குடிநீர் வடிகட்டி? மண், உமி, மணல், வெள்ளி

தோப்புக்காரன் (எருத்தேம்பதி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எருத்தேம்பதிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. கள் இறக்கும் தொழிலாளர் குடும்பங்கள் மூன்று அங்கேயே சாளை கட்டித் தங்கியிருக்கின்றன. மோட்டாருக்கு மின்சாரம் உண்டு. சாளைகளுக்கு இணைப்பு இல்லை, மின்கம்பி வரவேண்டிய வழித்தடம் பற்றிய வழக்கு முடியும்வரை வரப்போவதும் இல்லை. குடிப்பதற்குத் திறந்த வட்டக் கிணறுதான். சென்ற ஐப்பசி மழையில் கிணறு கலங்கியது. இரண்டு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு கண்டது. ஆஷா (கிராமச் சுகாதாரப்) பணியாளர் ஒரு சிறு சோதனைப் புட்டி கொடுத்தார்; கிருமியுள்ள நீரை ஊற்றினால் கறுக்கும் என்றார். மாலையில் அதில் கிணற்று நீரை ஊற்றிவைத்தோம். மறுநாள் பொழுது சாயும் முன் மை கரைத்தது போலக் கறுத்துவிட்டது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்வது எளிது. விடியுமுன் மரம் ஏறப் போகிறவர்களின் வீட்டில் அடுப்பு எரிவதே காலையில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை. அத்தனை பேருக்கும் குடிநீர் காய்ச்ச விறகும் போதாது, அதை ஆறவைக்கப் பாத்திரமும் போதாது. ஆகவே வாரச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் 1,400 ரூபாய் கொடுத்துக் 'கரி வடிகட்டி' ஒன்றை வாங்கினேன். நீர் கண்ணாடியாக இறங்கியது. அந்த மகிழ்ச்சியில் அதையும் ஒரு புட்டியில் ஊற்றிவைத்தேன். அதுவும் கறுத்தது.

மண் வடிகட்டி, உமிச்சாம்பல், மணல், வெள்ளி பூசியது என்று பலரும் பலதைச் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள், மின்சாரம் இல்லாமல், கிருமியை உண்மையிலேயே போக்குகிற பொருள் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய ஆய்வகக்காரர் (பாலக்காடு)

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நீர் தெளிவாக இருப்பது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. ஆய்வகத்தில் இருந்த காலத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி என்னிடம் சண்டைக்கு வந்தவர்களுக்குக் கணக்கில்லை.

கரியைக் குறை சொல்லவில்லை. சிரட்டைக் கரியை நீராவியில் பதப்படுத்தினால் அது வாடையையும் நிறத்தையும் குளோரினையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் கிருமியைக் கொல்லாது. சில வாரம் போனால் கரியின் துளைகளில் படிந்த அழுக்கே கிருமிக்குத் தீனியாகி, உள்ளே போனதைவிட வெளியே வருவதில் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதும் உண்டு. உங்களுக்கு விற்றவர் கரியின் பெயரைச் சொல்லி விற்றது தவறில்லை. கிருமி போகும் என்று சொல்லியிருந்தால்தான் தவறு.

அளவைப் பாருங்கள். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா ஏறத்தாழ இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமும் அரை மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலான பருமனும் உள்ளது. வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் கூடு பத்து மைக்ரான் அளவு வரும். குடலைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதவை. எனவே ஒரு பொருள் இவற்றை மூன்று வழியில்தான் கையாள முடியும்: சிறு துளையால் மறிக்க வேண்டும், அல்லது தன் மேல் ஒட்டவைக்க வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். யார் எந்த வடிகட்டியைக் கொண்டுவந்தாலும், இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் புட்டிச் சோதனை குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் வெளியிட்ட முறை. மலத்தோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, காகிதத்தில் உள்ள இரும்பு உப்போடு சேர்ந்து கறுக்கிறது. எத்தனை கிருமி என்று அது சொல்லாது. உண்டு, இல்லை என்று மட்டுமே சொல்லும். கந்தக வாடையுள்ள ஆழ்துளை நீரில் கிருமியே இல்லாமலும் கறுக்கக்கூடும். கிணற்று நீருக்கு நம்பலாம்.

ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் குடிப்பது கிணற்று நீர் மட்டும்தானா, கோடையில் போர் (ஆழ்துளைக் கிணற்று) நீரும் கலக்கிறதா?

நகரி நெசவு

சித்தூர்க்காரர்கள் பேசுகிறார்கள் என்று பார்த்து, எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று எண்ணி உள்ளே வந்துவிட்டேன். படித்த பிறகுதான் பாலக்காட்டுச் சித்தூர் என்று தெரிந்தது. வந்தது வந்தாயிற்று, தறிக்காரனுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வங்கதேசத்தில் ரீட்டா கால்வெல் என்ற அறிவியலாளர் குழுவோடு சேர்ந்து, பழைய பருத்திச் சேலையை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டி நீர் வடிக்கச் செய்தார். அந்த ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2003இல் எழுதினார்கள். காலராக் கிருமி குளத்து நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளின் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அந்த உயிரியை மறிக்கிறது, அதோடு கிருமியும் நிற்கிறது. புதுச் சேலை இந்த வேலைக்கு ஆகாது. பலமுறை துவைத்த துணியில் நூல் பிரிந்து பஞ்சு எழும்பி, இழைகளுக்கு இடையே உள்ள கண் சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியையும் அம்மா பத்து ஆண்டு கட்டிய புடவையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புதியதில் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது, பழையதில் பால் போல மங்கலாக வந்தது.

ஆனால் துணியின் கண் இருபது மைக்ரான் அளவு. தனியாக நீந்தும் ஈ. கோலைக்கு அது திறந்த கதவு. ஆகவே ஐயா சொன்ன மூன்று வழியில் இது முன்வடிகட்டல் மட்டும்தான். பாலியெஸ்டர் கலந்த பவர்லூம் சேலையை எடுத்துக் கட்டிவிடாதீர்கள்.

தோப்புக்காரன் (எருத்தேம்பதி)

நகரி அண்ணனுக்கு நன்றி, ஊர் மாறி வந்ததும் நல்லதாயிற்று.

ஐயா, மாசி பங்குனியில் கிணறு தாழ்ந்துவிடும். அப்போது அரை மாதம் ஒரு மாதம் போர் நீரைக் குடிக்கிறார்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு நீர்.

பழைய ஆய்வகக்காரர் (பாலக்காடு)

அதைத்தான் பயந்தேன். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பகுதியின் ஆழ்துளை நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உண்டு என்பது இங்கே அனைவரும் அறிந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. இந்த உரையாடல் இழையில் நாம் பேசப்போகிற மண், மணல், வெள்ளி, துணி, குளோரின் ஒன்றும் ஃபுளோரைடைத் தொடாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி அது இன்னும் செறியும். அதற்குச் செயலூட்டிய அலுமினா, எலும்புக்கரி, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை என்று வேறு வழிகள் உள்ளன; அது தனி இழைக்கு உரியது. குழந்தைகளுக்கு முடிந்தவரை கிணற்று நீரையோ மழைநீரையோ கொடுங்கள், வடிகட்டியை அதற்குப் பொருத்துங்கள். போர் நீரை ஒருமுறை அரசு ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு பார்த்துவிடுவது அவசியம்.

சூளைமேட்டு அக்கா (வேலந்தாவளம்)

எங்கள் குடும்பம் பானைத் தொழில். அடுப்பங்கரைச் சட்டி விற்பது குறைந்த பிறகு, ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு மண் வடிகட்டி செய்யத் தொடங்கினோம். செய்முறையைச் சொன்னால், வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க உதவும்.

1981இல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் உருவாக்கியது இந்தப் பானை. பிறகு நிகரகுவாவில் குயவர்களிடம் பரவி உலகெங்கும் போனது. காய்ந்த களிமண்ணைப் பொடித்துச் சலிக்க வேண்டும்; உமியையோ மரத்தூளையோ அதைவிட நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் சலித்து, எடை பார்த்துக் கலந்து, நீர் விட்டுப் பிசைய வேண்டும். சக்கரத்தில் வனைந்தால் சுவர் ஒரே கனத்தில் வராது என்பதால் அச்சில் வைத்து அழுத்துகிறோம். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு, ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி வரை சூளையில் வேக வேண்டும். உமி எரிந்து போன இடம் துளையாக நிற்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் நீர் கசியும். பாலக்காட்டு நெல் ஆலைகளின் உமி எங்களுக்குப் பொருள் செலவே இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் ஒரே ஆலையின் உமியை வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சுமைக்கும் கலவை மாறிப்போகும்.

வெந்து இறங்கியதும் ஒரு பகல் ஒரு இரவு நீரில் ஊறவைத்து, நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். ஒரு லிட்டருக்குக் கீழே இருந்தால் குடும்பத்துக்குப் போதாது. மூன்று லிட்டரைத் தாண்டினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது என்று பொருள்; அந்தப் பானையை அன்றே உடைத்துவிடுவோம். இன்னொரு சோதனையும் உண்டு. காலிப் பானையை வாய் மேலே இருக்கும்படி நீர்த்தொட்டியில் விளிம்புவரை அமிழ்த்திச் சில நொடி பிடித்தால், உட்சுவரில் எந்த இடம் முதலில் நனைகிறதோ அங்கே குறை. என் மாமியார் இதற்கும் மேல். விரல் கணுவால் தட்டிக் காதால் கேட்டுச் சொல்லுவார், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் காதை நம்பி ஒன்றையும் விற்பதில்லை.

இறுதியில் கூழ்ம வெள்ளியை (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களை) தூரிகையால் உள்ளும் புறமும் பூசுகிறோம். நல்ல பானை நூறு பாக்டீரியாவில் தொண்ணூற்றொன்பதை நிறுத்தும். வைரஸை அவ்வளவு நிறுத்தாது என்பதையும் சொல்லித்தான் விற்கிறோம். தம்பி தோப்புக்கு மூன்று வேண்டுமென்றால், பானையும், அதிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் குழாய் வைத்த வாளியும் சேர்த்து ஒன்று 850 ரூபாய்க்குத் தரலாம்.

வேதியியல் டீச்சர் (கொழிஞ்சாம்பாறை)

அக்காவின் பதிவை வகுப்பில் படித்துக் காட்டலாம் போலிருக்கிறது. வெள்ளியைப் பற்றி நான் சிறிது சேர்க்கிறேன்.

வெள்ளிப் பரப்பிலிருந்து நீரில் கரையும் வெள்ளி அயனிதான் வேலை செய்கிறது. கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றி அவற்றை முடக்குகிறது. அளவு மிகச் சிறியது. இந்தியத் தரம் குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் வெள்ளியை அனுமதிக்கிறது. தோப்புக்காரருக்கு இங்கே ஓர் இடைஞ்சல் வரும். நீரில் குளோரைடு உப்பு மிகுந்தால் அது வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். கடினத்தன்மையுள்ள நீரில் படியும் உப்புச் செதில் வெள்ளித் துகளையே மூடிவிடும். ஆகவே வெள்ளி பூசிய எந்த வடிகட்டியும் கிணற்று நீரில் செய்யும் வேலையை உங்கள் போர் நீரில் அதே அளவுக்குச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த இடர்ப்பாட்டைத்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழு கையில் எடுத்தது. அவர் மலப்புறம் மாவட்டத்தில் பிறந்தவர் என்பதில் எங்கள் பக்கத்தில் சற்றுப் பெருமை உண்டு. அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும், இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் சேர்த்து ஒரு கூண்டு போல அமைத்து, அதற்குள் வெள்ளி நுண்துகளை இருத்தினார்கள். செதில் துகளை நேரடியாக மூடாது. லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் வெள்ளி மட்டும் சீராக வெளிவரும். அறை வெப்பத்தில், நீரிலேயே செய்யக்கூடிய பொருள், சூளை வேண்டாம். 2013இல் வெளியான கட்டுரையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2009 டிசம்பரில், உமிச்சாம்பலில் வெள்ளி நுண்துகளை ஏற்றிய டாடா ஸ்வச் வடிகட்டி 749, 999 ரூபாய் விலைகளில் சந்தைக்கு வந்தது; அதன் குமிழ், அதாவது வடிகட்டும் பகுதி, 3,000 லிட்டருக்குப் பிறகு தானே நீரை நிறுத்திக்கொள்ளும்படி அமைந்திருந்தது. தானே நிற்பது என்பதை நான் மிக நல்ல யோசனையாக நினைக்கிறேன். வடிகட்டியின் ஆயுள் முடிந்ததை நம் கண் அறியாது.

வெறும் உமிச்சாம்பலைத் துணியில் கட்டி வடிப்பவர்கள் இங்கே உண்டு. அது கலங்கலைக் குறைக்கும். வெள்ளியின் வேலையை அது செய்யாது.

எல்லைச்சாவடி

இவ்வளவு எதற்கு? செம்புக் குடத்தில் வைத்தால் போதாதா? பாட்டி காலத்தில் முருங்கை விதையும் தேற்றாங்கொட்டையும் தானே போட்டார்கள்?

வேதியியல் டீச்சர் (கொழிஞ்சாம்பாறை)

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, டைஃபாய்டு வகைக் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் காட்டியிருக்கிறார்கள். நீரில் கரைந்த செம்பும் வரம்புக்கு மிகக் கீழேயே இருந்தது. ஆனால் இன்றைய விலையில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு செம்புக் குடம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அதுவும் ஒரு குடம் உறங்க, ஒரு குடம் புழங்க என்று இரண்டு வேண்டும். முருங்கை விதையின் புரதம் நேர்மின் ஏற்றம் உடையது. கலங்கலையும் அதோடு பெரும்பகுதி பாக்டீரியாவையும் பிடித்து அடியில் இறக்கும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் இழைப்பதும் கலங்கலை இறக்கத்தான். முருங்கை நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் மிச்சமிருக்கும் விதைச் சத்திலேயே கிருமி மீண்டும் பெருகும். அன்றன்று தெளியவைத்து, பிறகு வடிகட்ட வேண்டும். தனியாக நின்று காக்கும் பொருள் அல்ல.

பழைய ஆய்வகக்காரர் (பாலக்காடு)

மணலை யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில், நகரக் குடிநீருக்கு மணல் வடிகட்டி இருந்த ஆல்டோனாவும் இல்லாத ஹாம்பர்க்கும் ஒரே எல்பே ஆற்று நீரைக் குடித்தன. 1892இல் ஹாம்பர்க்கில் ஆயிரக்கணக்கில் காலராவுக்குப் பலியானார்கள், தெருவுக்கு மறுபக்கம் இருந்த ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. அதே மணலை வீட்டளவில் சுருக்கியவர் கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ். இதில் கிருமியைப் போக்குவது மணல் மட்டுமல்ல; மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம். நீர் நின்ற பிறகும் மணலுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் நீர் தங்கும்படி வெளிக்குழாய் வளைந்து உயர வேண்டும். அதற்கு மேல் நின்றால் படலத்துக்குக் காற்று எட்டாது, குறைந்தால் காய்ந்து சாகும். படலம் வளர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை வரும் நீரைக் குடிக்கக்கூடாது. தினமும் ஊற்ற வேண்டும், இடம் மாற்றக்கூடாது.

ஆற்று மணல் எளிதில் கிடைக்காத இந்நாளில் எம் சாண்ட் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகும்; உடைத்த கல்லின் மணல்தான் இதற்கு உகந்தது, அதில் கழிவுநீர் பட்ட வரலாறு இல்லை. ஆனால் நன்றாகச் சலித்து, கல்தூள் போகும்வரை கழுவ வேண்டும். ஒரு முறை என் வீட்டு முற்றத்தில் கழுவினேன்; பதினோராவது வாளியில்தான் நீர் கொஞ்சம் தெளிந்தது. அதற்காக முழுத் தூளும் போகக் கழுவினாலும் நீர் விரைந்து ஓடிவிடும், கிருமியும் கூடவே ஓடும்.

தோப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கள் தொழிலாளர்கள் தோப்பு மாறிப் போகிறவர்கள். மணல் தொட்டி ஆள் மாறாத வீட்டுக்கு உரியது. அக்காவின் பானையைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

சூளைமேட்டு அக்கா (வேலந்தாவளம்)

தூக்கிக்கொண்டு போகும்போதுதான் உடைகிறது ஐயா. கம்போடியாவில் பார்த்த கணக்கில் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு பானை வீதம் புழக்கத்திலிருந்து விலகின என்றும், பெரும்பாலும் உடைந்ததால்தான் என்றும் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். வைக்கோல் மெத்தையில் வைத்து அனுப்புகிறேன்.

தோப்புக்காரன் (எருத்தேம்பதி)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று பானை வாங்கினேன். ஒன்றின் விளிம்பு வழியிலேயே சில்லுப் போனது, அக்கா மாற்றிக் கொடுத்தார்கள். முதல் வாரம் மணிக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் இறங்கியது, மூன்றாம் வாரம் ஒன்றரையாகக் குறைந்தது. அக்கா சொன்னபடி சோப்பு இல்லாமல் மெல்லிய தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்தோம். மீண்டும் இரண்டுக்கு வந்தது. கிணற்று வாளியிலிருந்து பானைக்கு ஊற்றும்போது நகரி அண்ணன் சொன்ன பழஞ்சேலையை எட்டு மடிப்பாகக் கட்டுகிறோம். அதனால் தேய்க்கும் வேலை குறைந்திருக்கிறது.

புட்டிச் சோதனையில் மூன்று சாளையிலும் பானையிலிருந்து நேரே சொட்டிய நீர் இரண்டு நாளானாலும் கறுக்கவில்லை. ஆனால் ஒரு சாளையில் குடிக்கும் நீர் கறுத்தது. நேரில் போய்ப் பார்த்தேன். வாளியின் குழாய் இறுக்கமாக இருக்கிறது என்று அந்தப் பாட்டி மூடியைத் திறந்து, சொம்பை உள்ளே விட்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். சொம்பு திண்ணையில், கோழி நடக்கும் இடத்தில் கவிழ்ந்திருந்தது.

பழைய ஆய்வகக்காரர் (பாலக்காடு)

மண்ணும் வெள்ளியும் வாளிக்குள் வந்துவிழும் அழுக்கைப் பின்தொடர்ந்து கொல்லாது. வடித்த பிறகும் நீரில் தங்கியிருந்து காப்பது குளோரின் ஒன்றுதான். குழாயை மாற்றுங்கள், 60 ரூபாய்க்குக் கால்வாசித் திருப்பில் திறக்கும் குழாய் கிடைக்கும், பாட்டியின் விரலுக்கு அது இசையும். அதோடு மழைக்காலம் முழுவதும், 20 லிட்டருக்கு ஒன்று என்று உறையில் எழுதிய குளோரின் மாத்திரையை வடித்த நீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தெளிந்த நீரில் மருந்து குறைவாகச் செலவாகும், வாடையும் அடங்கும். வைரஸுக்கும் அதுவே விடை. கிணறு மீண்டும் கலங்கினால் கிணற்றுக்கே மருந்திட வேண்டும். கிணற்றின் விட்டமும் நீரின் ஆழமும் என்ன?

தோப்புக்காரன் (எருத்தேம்பதி)

விட்டம் மூன்று மீட்டர், இன்றைக்கு நீர் நான்கு மீட்டர்.

பழைய ஆய்வகக்காரர் (பாலக்காடு)

3.14ஐ விட்டத்தின் வர்க்கத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி நான்கால் வகுத்தால் 28.26 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் 70 கிராம். வாளியில் குழைத்து, மேலும் நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் இறங்கும்வரை பத்து நிமிடம் விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக்கூடாது. மாலையில் செய்துவிட்டால் மருந்து வேலை செய்ய இரவு முழுவதும் நேரம் கிடைக்கும்.

பவுடரைத் திறந்த சாக்கில் வாங்காதீர்கள். காற்றுப் பட்டால் குளோரின் போய்விடும், வெறும் சுண்ணாம்பைத்தான் கலக்கிக்கொண்டிருப்பீர்கள்.

தோப்புக்காரன் (எருத்தேம்பதி)

குழாயை நேற்றே மாற்றிவிட்டேன் ஐயா. பாட்டி முதல் நாளே ஒரு விரலால் திறந்து காட்டினார். சொம்பை மட்டும் இன்னும் திண்ணையில்தான் கவிழ்க்கிறார். போர் நீரை ஃபுளோரைடு பார்க்கத் திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். முடிவு வந்ததும் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.